ஆறு பெருகினால் மழை பெய்ததா?

ஆற்றில் வெள்ளம் வந்தால், மேலே மழை பெய்திருக்கிறது என்று அநுமானிக்கிறோம். அநுமானத்துக்கு இதே உதாரணத்தை மணிமேகலையும் கூறுகிறது. ஆனால், நீரோட்டம் அடைபட்டாலும் ஆறு பெருகுமன்றோ என்ற ஆட்சேபத்தை நியாய சூத்திரம் பண்டைக் காலத்திலேயே எழுப்பி ஆராய்ந்தது. ஒரு காரணத்தால் ஒரு காரியம் விளையும் என்பது மெய்யாகலாம். அக்காரியத்தைக் கண்ட மாத்திரத்தில் அக்காரணமே இருந்தது எனத் துணிவது பிழை.

இப்பிழை கல்லாதவர்க்கு மட்டும் உரியதன்று. 1955ஆம் ஆண்டில் யமுனை வெள்ளத்தையடுத்து, டில்லி வஜீராபாத்தில் குடிநீர் எடுக்குமிடத்தில் நஜப்கட் கால்வாயின் சாக்கடை நீர் கலந்தது. அவ்வாண்டு டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. நீரால் பரவும் காமாலை ஒன்றையே அக்கால மருத்துவம் அறிந்திருந்தது. இதுவும் நீரால் பரவியது. ஆகவே இதுவும் அதுவே என்று கொள்ளப்பட்டது.

பின்னர் ‘ஏ’ வகை எனப் பெயர் பெற்ற அந்நோய், அந்நாளில் நம் நாட்டில் பெரும்பாலோரைக் குழந்தைப் பருவத்திலேயே தொற்றி, வாழ்நாள் முழுவதற்கும் எதிர்ப்பாற்றலைத் தந்துவிடுவது. டில்லியிலோ வாலிப வயதினரே மிகுதியாக நோயுற்றனர்; கருவுற்ற பெண்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். பாதுகாத்து வைத்திருந்த இரத்தநீர் மாதிரிகளைச் சோதித்தபின், 1980ஆம் ஆண்டில்தான் அது ‘ஏ’ வகையன்று என்பது வெளியாயிற்று. 1983இல் சோவியத் விஞ்ஞானி பாலயான் புதிய வைரஸைக் கண்டறிந்தார். அதுவே இன்று ‘ஈ’ வகை எனப்படுவது.

சோதிக்கும் சாதனம் இல்லாத காலத்து மருத்துவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. தூய நீர் வேண்டும் என்ற அவர்களது முடிவும் சரியானதே. எனினும், கருவுற்றோரின் உயிருக்கு உலைவைக்கும் தனி நோயொன்று உண்டு என்பதை அறியக் கால் நூற்றாண்டு சென்றது.

பயிரின் இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று உடனே யூரியாவைப் பரிந்துரைப்பதும் இவ்வகையே. வேரில் நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும்; அங்கே வேண்டுவது வடிகால், உரமன்று. களத்தில் இத்தனை யோசனைக்கு நேரமேது என்று கேட்கலாம். வீணாகும் உரத்தின் விலையை நோக்க, ஒரு கேள்வி கேட்கும் நேரம் பெரிதன்று.

பள்ளிகளிலும் காரணத்திலிருந்து காரியத்தையே கற்பிக்கிறோம். திரும்பி வரும் வழியைக் கற்பிப்பதில்லை. “இதே விளைவைத் தரக்கூடியது வேறு எது? நாம் கருதும் காரணத்துக்குப் பொருந்தாத அடையாளம் ஏதேனும் உண்டா?” இவ்விரு கேள்விகளையும் ஆசிரியர் மாணவருக்கும், களப்பணியாளர் தமக்கும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.