கண்ணாடி ரூமும் பெரியம்மாவின் குளிரும்

ஆர்.ஏ.புரத்துல ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு கனடா குளிரைப் பத்தி எழுத உனக்கு என்னய்யா தகுதின்னு கேக்கறவங்க இப்பவே கேட்டுடுங்க. ஒரு தகுதியும் இல்லை. பெருக்கல் தெரியும், அவ்வளவுதான் :-)

விஷயம் இதுதான். எங்க பெரியம்மா பல வருஷம் இந்த ஏரியாவாசி. சாயங்காலம் ஆனா பால்கனியில நாற்காலியைப் போட்டு, தெருவுல போறவங்க வர்றவங்களை எல்லாம் விசாரிக்கணும் அவங்களுக்கு. இப்போ ஸ்கார்பரோவுல அண்ணன் வீட்டுல இருக்காங்க. நவம்பர் பொறந்தா ஏப்ரல் வரைக்கும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, "ஜெயில்ல இருக்கறவங்களுக்காவது வெயில்ல நடக்க விடுவாங்கடா"ன்னு போன்ல புலம்பல். அதனால அண்ணன் பின்பக்கம் ஒரு சன்ரூம் கட்டலாம்னு இறங்கியிருக்கார். மூணு பக்கமும் கண்ணாடி. "1500 வாட் ஹீட்டர் ஒண்ணு வெச்சா போதும்"னு கட்டித்தர்ற ஆள் சொன்னாராம்.

எனக்குக் கோபம் இந்த "போதும்" மேலதான். எந்தக் கணக்குல போதும்?

அங்கே சாதாரண பிளக் பாயிண்ட் 120 வோல்ட், 15 ஆம்பியர். தொடர்ந்து ஓடற சாதனம் அதுல இழுக்கக்கூடியது கிட்டத்தட்ட 1500 வாட்தான். கடையில விக்கற பிளக் ஹீட்டர் எல்லாம் 1500ல வந்து நிக்கறதுக்குக் காரணம் இதுதான். அதாவது அந்த நம்பரை முடிவு பண்ணது சுவத்துல இருக்கற பிளக், ரூம் இல்லை.

ரூமைக் கேட்டுப் பார்ப்போம். சூத்திரம் ரொம்ப எளிசு மக்களே: பரப்பு × யூ-வேல்யூ × உள்ளேயும் வெளியேயும் இருக்கற வெப்ப வித்தியாசம். யூ-வேல்யூன்னா ஒரு சதுர மீட்டர் வழியா, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் நழுவுதுங்கறது. ரூம் 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.4. வெளிப்பக்கம் மூணு சேர்த்து 24 சதுர மீட்டர். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 20ன்னு வெச்சுக்கலாம். வித்தியாசம் 40.

ஒற்றைக் கண்ணாடிக்கு யூ சுமார் 5.7. பெருக்கினா 5,472 வாட். நடுவுல காத்து இடைவெளி விட்ட ரெட்டைக் கண்ணாடின்னா 2.8, அதாவது 2,688. லோ-ஈ பூச்சும் ஆர்கான் வாயுவும் இருக்கற நல்ல ரகம்னா 1.7 சொச்சம், 1,632 வாட். இதோட நல்லா இன்சுலேஷன் பண்ண கூரையும் தரையும் சேர்ந்து 200 வாட்டை ஒட்டி. இடுக்கு வழியா நுழையற காத்து (மணிக்கு ஒரு தடவை மொத்தக் காத்தும் மாறுதுன்னு வெச்சா) இன்னொரு 380. ஆக, ரெட்டைக் கண்ணாடி போட்டாலும் மொத்தம் சுமார் 3,300 வாட். ஒத்த ஹீட்டர் பாதிக்குக்கூட வராது.

"பகல்ல வெயில் அடிக்குமே"ன்னு அண்ணன் கேட்டார். அடிக்கும், நியாயமான கேள்விதான். தெற்குப் பக்கக் கண்ணாடின்னா ஜனவரி மத்தியானத்துல ஹீட்டரை அணைச்சே வைக்கலாம். ஆனா ஹீட்டர் சைஸ் போடறப்போ வெயிலைச் சேர்க்கக் கூடாது. குளிர் உச்சத்துக்குப் போறது விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பெரியம்மா எழுந்து காப்பியோட உக்காரப்போறதும் அப்பதான்.

யாரும் பேசாத இன்னொரு சமாச்சாரம் இருக்கு. ரூம் காத்து 20 டிகிரி இருந்தாலும் கண்ணாடியோட உள்பக்கம் 20 இருக்காது. மேல சொன்ன குளிர்ல ஒற்றைக் கண்ணாடின்னா உள்பக்கம் சுமார் மைனஸ் 10, பனியே படியும். ரெட்டைன்னா 5. லோ-ஈ ரகம்னா 11. நம்ம உடம்புச் சூடு அந்தச் சில்லுன்னு இருக்கற பரப்பைப் பாத்து ஓடிக்கிட்டே இருக்கும். தெர்மாஸ்டாட் 20ன்னு காட்டும், வயசானவங்களுக்கு முழங்கால் நடுங்கும். "ரூம் சூடாத்தானே இருக்கு, உனக்குத்தான் பிரமை"ன்னு பையன் சொல்லுவான். பிரமை இல்லை சாமி, அது பௌதிகம்.

அதனால நான் சொன்னது: கண்ணாடியைக் குறை. இடுப்பு உயரத்துக்குக் கீழே நல்ல இன்சுலேஷன் வெச்ச சுவர், தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல், மத்த பக்கம் சின்னது. 12 சதுர மீட்டர் லோ-ஈ கண்ணாடி, 12 சதுர மீட்டர் சுவர்னு (யூ 0.3) வெச்சா மொத்தம் சுமார் 1,550 வாட்டுக்கு இறங்கிடுது. அந்த ஆள் சொன்ன ஹீட்டர் கிட்டத்தட்ட சரியாயிடுச்சு பாருங்க, ஆனா அது வேற ரூமுக்கு! அப்பவும் 2,000 வாட்டுக்கு 240 வோல்ட்ல தனி லைன் இழுத்துக்கறதுதான் புத்திசாலித்தனம். மாட்டேன், முழுக்கக் கண்ணாடிதான் வேணும்னா, அதை மூணு சீசன் ரூம்னு ஒத்துக்கிட்டு நடுவுல நல்ல கதவு போட்டு மூடிடணும். அது ஒண்ணும் கேவலம் இல்லை. நாலு சீசன் ரூம்னு சொல்லிக் காசு வாங்கறதுதான் கேவலம்.

இப்போ நம்மூருக்கு வரேன். இங்கேயும் தெருவுக்குத் தெரு பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடறாங்க. அதுக்கு ரெட்டைக் கண்ணாடி போட்டா சூடு வராதுன்னு வியாபாரம் வேற. அதே பெருக்கலைப் போடுங்க. மேற்குப் பால்கனி, 3 மீட்டருக்கு 2.4, மொத்தம் 7.2 சதுர மீட்டர். வெளியே 38, உள்ளே 26. ஒற்றைக் கண்ணாடி வழியா வெப்ப வித்தியாசத்தால வர்றது 500 வாட்கூட இல்லை. ஆனா சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் அடிச்சா, சாதாரணக் கண்ணாடி அதுல எண்பது சதவீதத்தை உள்ளே விடும். கிட்டத்தட்ட 3,450 வாட். ஒரு டன் ஏசி (3,500 வாட்) அதுக்கே சரியாப் போச்சு. ரெட்டைக் கண்ணாடி போட்டா அந்த 500 பாதியாகும், வெயில் கணக்குல கொஞ்சம்தான் குறையும். ஸ்கார்பரோ மருந்து இங்கே பலிக்காது, ஏன்னா வியாதி வேற.

இங்கே வேலை செய்யறது வெளிப்பக்க நிழல். மூங்கில் தட்டியை வெளியே கட்டினா வெயில் கண்ணாடியைத் தொடறதுக்கு முன்னாடியே நின்னுடும். உள்ளே திரைச்சீலை போட்டா, சூடு வீட்டுக்குள்ள வந்த பிறகுதான் திரையில முட்டும். கிழக்குப் பால்கனின்னா மூடவே மூடாதீங்க. பட்டினப்பாக்கம் பக்கத்துலேர்ந்து மத்தியானத்துக்கு மேல வர்ற கடல்காத்தை வழி மறிச்சிட்டு, கரண்ட் பில் கட்டி அதே குளிர்ச்சியை வாங்கறது எந்த ஊர் நியாயம்னு எனக்குப் புரியலை.

அண்ணன் இப்போ வரைபடத்தைத் திருப்பி வரைஞ்சிட்டு இருக்கார். ஜன்னல் அடிமட்டம் எவ்வளவு உயரம்ங்கறதுல மட்டும் பெரியம்மா தலையிட்டிருக்காங்க. உக்காந்த இடத்துலேர்ந்து தெரு தெரியணுமாம். அதுக்காக ஒரு மூலையில அரை சதுர மீட்டர் கண்ணாடி கூடுது, 28 வாட் அதிகம். தாராளமாப் போடச் சொல்லிட்டேன்.