பெயரும் பொருளும்: ஹென்றி



மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார்கள். பிழைப்பைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பம். ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. ஊரில் இருக்கும் மாமனாரின் பெயர் ஹென்றி. தம் பெயரைப் பிள்ளைக்கு இடவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் சபையில் ஒருவர், அது வேதத்தில் இல்லாத பெயர், புறஜாதியாரின் பெயர், ஆகையால் குழந்தையைப் பிரதிஷ்டை செய்யுமுன் மாற்றிவிட வேண்டும் என்று சொன்னாராம். மாமனாருக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது என்று கேட்கிறார்கள்.

இதை அற்பமான காரியமாக நான் எண்ணவில்லை. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தரித்தவன் என்று பொருள். தூரதேசத்தில் பிறந்த பிள்ளையைக் கையில் ஏந்தக் கொடுத்துவைக்காத ஒரு முதியவர், தம் பெயரையாவது அவன்மேல் வைக்க விரும்புகிறார். மறுப்பதற்கு நியாயமான காரணம் வேண்டும் அல்லவா? ஆகவே அந்தப் பெயரைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஹென்றி என்பது ஆங்கில உருவம். அதன் மூலம் பழைய ஜெர்மானிய மொழி. ஜெர்மானியர் ஹைன்ரிக் என்றும், டச்சுக்காரர் ஹென்ட்ரிக் என்றும், போர்த்துக்கீசியர் ஹென்ரிக்கே என்றும் அதையே வழங்கினர். இரண்டு சொற்கள் இணைந்த பெயர் அது. முன்பாதியாகிய 'ஹைம்' வீட்டைக் குறிக்கும். மிகப் பழைய வழக்கில் கிராமத்தையும் குறித்தது. பர்மிங்ஹாம் என்னும் பட்டணத்தின் ஈற்றில் நிற்கும் 'ஹாம்' இதன் உறவே. வீட்டையும் சொந்த ஊரையும் ஒரே சொல்லால் அழைத்த அந்த மக்களின் மனது, "ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லி ரயிலேறும் நமக்கு நன்றாக விளங்கும். பின்பாதியாகிய 'ரிக்' ஆளுகிறவனை, வல்லமையுள்ளவனைக் குறிக்கும். இலத்தீன் மொழியில் அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' என்பதும், சமஸ்கிருதத்தின் 'ராஜன்' என்பதும் அதே வேரில் பிறந்தவை. அப்படியானால் நம் சபைகளிலுள்ள செல்வராஜும் தேவராஜும் பின்பாதியில் ஹென்றிக்குப் பங்காளிகள்! செல்வராஜை மாற்றும்படி அந்தச் சகோதரர் சொல்லுவாரோ, அறியேன்.

சகோதரி குடியிருக்கும் பட்டணத்துக்கு இந்தப் பெயர் புதியதும் அல்ல. 1546ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே தமிழ் கற்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். அவருக்கு முன்பெயரும் குடும்பப்பெயரும் இதுவே. நம்மவர் நாவில் அண்டிரிக்கி ஆனார். 1578இல் கொல்லத்தில் அவருடைய தம்பிரான் வணக்கமும், 1579இல் கொச்சியிலேயே கிரீசித்தியானி வணக்கமும் தமிழ் எழுத்தில் அச்சேறின. அவர் நம்முடைய உபதேசத்தார் அல்லர். ஆனாலும் இந்திய எழுத்துக்களில் முதலில் அச்சுக் கண்டது தமிழ் என்று நாம் பெருமை பாராட்டும்போது, அவரை மறப்பது நன்றியல்ல.

1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தனர். அவர்களுடைய மலபார்த் தளபதியாக 1670 முதல் 1677 வரை இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீடு. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரையும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணிப் பிராமணர்களையும் துணைகொண்டு, இந்நாட்டின் செடிகொடிகளைப் பற்றி ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலை உருவாக்கினார். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக அது வெளிவந்தது.

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்குவோடு தரங்கம்பாடியில் இறங்கிய உடன்ஊழியரை நினைக்கிறீர்களா? அவரும் ஹைன்ரிக் புளூட்சோ. வேத வியாக்கியானம் எழுதிய மத்தேயு ஹென்றியின் குடும்பப்பெயரும் இதுவே. புதிய ஏற்பாட்டை உருது மொழியில் பெயர்த்து, 31ஆம் வயதில் நித்திரையடைந்த ஹென்றி மார்ட்டினையும் கர்த்தர் பெயரின் நிமித்தம் தள்ளிவிடவில்லை.

இனி ஆட்சேபத்துக்கு வருவோம். ஹென்றி என்னும் பெயரில் எந்த அந்நிய தேவனின் பெயரும் இல்லை. இருந்தாலும்தான் என்ன? அப்பொல்லோ என்பது கிரேக்கரின் சூரிய தேவனாகிய அப்பொல்லோவின் பெயரிலிருந்து வந்தது. எப்பாப்பிரோதீத்து என்பதற்குள் அப்ரோதித்தே என்னும் தேவி இருக்கிறாள். பவுல் அவர்களைத் தம் உடன்வேலையாட்களாக எண்ணினாரேயன்றி, பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று எழுதியதாக நாம் வாசிப்பதில்லை. தானியேலுக்குப் பாபிலோனில் பெல்தெஷாத்சார் என்று பெயரிட்டார்கள். அதனால் அவர் ஜெபிப்பதை நிறுத்தினாரா?

பொருளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டை ஆளுகிறவன் என்பது நல்ல பொருளே. ஆனால் ஆறு மனைவிகளை மணந்து, அவர்களில் இருவரைச் சிரச்சேதம் செய்வித்த இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கும் அதே பெயர்தான். வீடு வாசல் துறந்த பாதிரியாருக்கும் அதே பெயர்தான். 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் கண்காணியானவன் தன் குடும்பத்தைக் குறித்து எப்படி இருக்கவேண்டும் என்னும் இடத்தில், நம் தமிழ் வேதம் 'ஆளுதல்' என்று சொல்லாமல் 'நடத்துதல்' என்று சொல்லுகிறது. கிரேக்கச் சொல்லிலும் முன்னே நிற்பது, பராமரிப்பது என்னும் கருத்துக்கள் உண்டு. இரவு பகலாய் வேலைக்குப் போய், பிள்ளைகள் உறங்கியபின் வீடு திரும்பி, களைப்பில் அதட்டுவதையே ஆளுகை என்று எண்ணும் தகப்பன்மார் நம் நடுவில் இல்லையா? சகோதரியின் கணவரும் இந்தப் பகுதியை வாசித்தால் சந்தோஷப்படுவேன்.

சகோதரியே, பெயரை மாற்றவேண்டியதில்லை. ஹென்றி என்றே இடுங்கள். ஆலோசனை சொன்ன சகோதரரோடு வாக்குவாதம் வேண்டாம். உங்கள் போதகரிடம் இந்த இதழைக் காண்பியுங்கள். பெயர் எழுதாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், சட்டப்படி ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தாமதித்தால் 15 ஆண்டுகள் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்பொழுதே ஒன்றாகத் தீர்மானித்து, ஆதாருக்கும் பள்ளிக்கும் அதையே கொடுங்கள். மாமனாரின் ரேஷன் அட்டையில் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே பிரதிஷ்டை நாளையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். பாலருவி எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியிலிருந்து எர்ணாகுளம் வழியாகத்தான் போகிறது.