பாலியல் வன்முறைக்குப் பின் 72 மணி நேரம்: எஃப்.ஐ.ஆருக்கு முன்பே எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ஏன்?

"முதல்ல ஸ்டேஷனுக்குப் போய் மெமோ வாங்கிட்டு வாங்க." பாலியல் வன்முறைக்கு ஆளானவரிடம் ஒரு மருத்துவமனை இப்படிச் சொன்னால், அது சட்டப்படி குற்றம். மருத்துவ ரீதியாகவும் ஆபத்து.

காரணம், எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு ஒரு கெடு இருக்கிறது. உடலுக்குள் நுழையும் வைரஸ், நிணநீர் முடிச்சுகளுக்கும் பிறகு ரத்தத்துக்கும் பரவ சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் மருந்து போனால் தொற்று நிலைகொள்ளாமல் தடுக்க முடியும். இந்தச் சிகிச்சைக்குப் பெயர் 'பெப்'. 72 மணி நேரம் என்பது கடைசி எல்லைதான்; முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவதே நல்லது. 'மூணு நாள் இருக்கே, காலைல பார்த்துக்கலாம்' என்ற கணக்கு இங்கே உதவாது.

டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் ஆகிய மூன்று மருந்துகள், தினமும், 28 நாட்கள். தொற்று அபாயம் உண்டு என்று டாக்டர் முடிவு செய்தால், ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் முதல் டோஸைக் கொடுத்துவிடலாம். குற்றவாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்பது தெரிய வேண்டும் என்பதும் இல்லை. பல வழக்குகளில் அந்த ஆள் பிடிபட்டிருக்கவே மாட்டான்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசு, தனியார் எதுவானாலும் உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 397-வது பிரிவு. மறுத்தால், பி.என்.எஸ். 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகள் விஷயத்தில் 2020 போக்சோ விதிகள் இன்னும் தெளிவு: அவசர சிகிச்சைக்கு எந்த ஆவணமும் கேட்கக் கூடாது, அந்தச் சிகிச்சையில் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அடக்கம். போலீஸுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை. ஆனால், பாதிக்கப்பட்டவர் புகார் வேண்டாம் என்றாலும், தடயப் பரிசோதனைக்குச் சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சையை மறுக்க முடியாது என்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிகள்.

எங்கே போவது? இரவு என்றால் நேராக அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. 'பெப் வேணும்' என்று பெயர் சொல்லியே கேட்கலாம். அவசர கருத்தடை மாத்திரை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். எச்.ஐ.வி. தொடர்பான சந்தேகங்களுக்கு 1097 இலவச எண் இருக்கிறது.

அதிகம் பேசப்படாத சிக்கல் அடுத்த 27 நாட்களில் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பாலியல் வன்முறைக்குப் பின் பெப் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேரே முழுமையாக முடித்திருக்கிறார்கள். குமட்டல், தலைவலி ஒரு பக்கம். ஒவ்வொரு மாத்திரையும் அந்தச் சம்பவத்தை ஞாபகப்படுத்துவது இன்னொரு பக்கம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்க வேண்டிய நிலையும் பலருக்கு உண்டு. அதனால் மருந்தோடு கவுன்சலிங்கும் தொடர வேண்டும். 6 வாரம், 3 மாதம் என மறுபரிசோதனைகளுக்கும் கூடவே ஒருவர் போய்வந்தால், அவர் பாதியில் விடாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.