கெரட்டின் சிகிச்சை: பளபளப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

விலங்கியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தவுடன் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி எல்லா மாணவர்களுக்கும் தெரியும். கண்ணாடி ஜாடிகளில் தவளையும் பாம்பும் அழுகாமல் இருப்பதற்குக் காரணம் ஃபார்மலின். ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பதுதான் அது. அதே வாயுதான் பல பார்லர்களில் கூந்தலைப் பளபளப்பாக்கும் வேலையையும் செய்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

முதலில் நன்மைகளைப் பார்ப்போம். கெரட்டின் என்பது முடியிலும் நகத்திலும் இயற்கையாகவே உள்ள புரதம். சிகிச்சையில் ஒரு திரவத்தை முடியில் பூசி, உலர்த்தி, சுமார் 230 டிகிரி செல்சியஸ் சூட்டில் அயர்ன் செய்கிறார்கள். சிலும்பி நிற்கும் முடி அடங்குகிறது, பளபளப்பு வருகிறது, சிக்கு குறைகிறது. மூன்று நான்கு மாதம் வரை இந்தப் பலன் நீடிக்கும். ரீபாண்டிங் போல முடியின் உள்பிணைப்புகளை உடைத்து நிரந்தரமாக மாற்றுவதும் இல்லை. தினமும் காலையில் சீப்போடு அரை மணி நேரம் போராடும் பெண்ணுக்கு இது பெரிய நிம்மதி. அதை வெறும் ஆடம்பரம் என்று கேலி செய்வது சரியல்ல.

சிக்கல் எங்கே என்றால், பெயரில்தான்! புரதம் தானாகப் போய் முடியில் ஒட்டிக்கொள்ளாது. முடியின் புரதங்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவைக்கும் வேலையைப் பல தயாரிப்புகளில் ஃபார்மால்டிஹைடுதான் செய்கிறது. சூடு பட்டதும் அது வாயுவாக வெளியேறுகிறது. கண் எரிச்சல், இருமல், மூச்சுத்திணறல், தலைவலி எல்லாம் அதனால் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது.

சரி, "ஃபார்மால்டிஹைடு இல்லாதது" என்று எழுதியிருக்கும் பாட்டிலை வாங்கினால் போதாதா? இங்கேதான் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-ல் அங்கே முடிதிருத்தும் பெண்கள் மூச்சுத் தொல்லை, கண் எரிச்சல் என்று புகார் செய்தார்கள். மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை 'பிரேசிலியன் புளோஅவுட்' என்ற திரவத்தைச் சோதித்தது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்ற லேபிளோடு விற்ற அந்தப் பாட்டில்களில் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது! 0.1 சதவீதம் இருந்தாலே எச்சரிக்கை தர வேண்டும் என்பது அங்குள்ள விதி. தண்ணீரில் கரைந்த பிறகு அதன் பெயர் 'மெத்திலீன் கிளைக்கால்' என்று நிறுவனம் வாதாடியது. சூடாக்கினால் மறுபடி அதே வாயுதானே வரப்போகிறது? 2012-ல் கலிபோர்னியாவில் 6 லட்சம் டாலர் கொடுத்து, லேபிளை மாற்றவும் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. 2023-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய முடி நேராக்கிகளில் ஃபார்மால்டிஹைடைத் தடை செய்யும் திட்டத்தை அறிவித்தது. முன்மொழிவுக்கு முதலில் குறித்த மாதம் 2024 ஏப்ரல். அது தள்ளிப்போனது.

அப்படியானால் வேறு ரசாயனத்துக்கு மாறலாமே என்று சில தயாரிப்பாளர்கள் கிளையாக்சிலிக் அமிலத்துக்குப் போனார்கள். 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய குறிப்பு வந்தது. முடியை நேராக்கிக்கொண்ட மூன்று முறையும் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கிரீமில் இருந்தது இந்த அமிலம்தான். அதை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. பேயிடமிருந்து தப்பிப் பிசாசிடம் மாட்டிய கதை!

இந்த விஷயத்தில் பலரும் மறந்துவிடும் ஒருவர் உண்டு. வாடிக்கையாளர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு மூன்று மணி நேரம் அந்தப் புகையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். அயர்ன் பிடிக்கும் பெண்ணோ ஏசிக்காகக் கதவைச் சாத்திய அறையில் நாள்தோறும் அதைச் சுவாசிக்கிறார். ஒரிகனில் முதலில் குரல் கொடுத்தவர்களும் அவரைப் போன்ற தொழிலாளிகள்தான். பாட்டிலில் உள்ளது என்ன என்று அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே கெரட்டின் செய்துகொள்ள விரும்புபவர் விலையைக் கேட்பதற்கு முன் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால், கிளையாக்சிலிக் அமிலம் ஆகிய மூன்று பெயர்களும் நினைவில் இருக்கட்டும். பாட்டிலைக் காட்ட மறுக்கும் பார்லரிலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம். லேபிள் உண்மை பேசும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாதபோது, சோதித்துப் பார்த்து உறுதி செய்வது அரசாங்கத்தின் கடமை. சுருட்டை முடி ஒரு நோய் அல்ல. அதற்குச் "சிகிச்சை" செய்யப் போய் உண்மையான நோயை வாங்கிக்கொள்ள வேண்டுமா?