கூண்டும் கையும்

பிளேட்டோவின் ‘தியேடீடஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் ஓர் உவமை சொல்கிறார். ஒருவன் பறவைகளைப் பிடித்துவந்து கூண்டில் வளர்க்கிறான். அவை அவனுடைய உடைமைதான். ஆனால், வேண்டும்போது உள்ளே கைவிட்டு ஒன்றைப் பற்றினால்தான் அது அவன் கையில் இருப்பதாகும். அறிவும் அத்தகையதோ என்று ஆராய்ந்துவிட்டு, அவ்வுவமையையும் போதாதென்று அவர் விட்டுவிடுகிறார். மாடப்புறாவை நாடிய கையில் காட்டுப்புறா சிக்கினால், பிடித்தவன் அதை எவ்வாறு அறிவான்?

பெருந்தொற்றின் தனிமையில் நம்மில் பலர் கூண்டைத்தான் நிரப்பினோம். எம்.ஐ.டி.யின் ஓபன்கோர்ஸ்வேர், கோர்செரா, இந்திய அரசின் ஸ்வயம் ஆகிய யாவும் முன்பே இருந்தவை. 2020இல் அவற்றுக்கு நேரம் வாய்த்தது. இந்தியாவில் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட அதே மார்ச் 24 அன்று, இன்டர்நெட் ஆர்க்கைவ் சுமார் 14 லட்சம் மின்னூல்களைக் காத்திருப்பு வரிசையின்றி இரவல் தரத் தொடங்கியது. பதிப்பகங்கள் வழக்குத் தொடுக்கவே, ஜூன் 16இல் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. அந்தப் பன்னிரண்டு வாரங்களில் இரவல் எடுத்தவற்றுள் எத்தனையை வாசித்தோம் என்பது அவரவர் மனம் அறிந்தது.

அந்நாட்களில் நூல்களுக்குக் குறைவில்லை. கையில் இருப்பது வேறு பறவை என்று சொல்லத்தான் அருகில் ஆள் இல்லை. பதிவு செய்யப்பட்ட விரிவுரை நம்மிடம் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. தலையசைத்ததையே புரிதல் என்று கொண்டு அடுத்த பாடத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். வகுப்பில், ‘அதெப்படி?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டாலே அந்தப் புரிதலின் வலு தெரிந்துவிடும்.

தொகுப்பவர்களுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. அகநானூற்றின் வரிசையைப் பாருங்கள். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8இல் முடிபவை குறிஞ்சி, 4இல் முல்லை, 6இல் மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். பாடலுக்கு இட்ட எண்ணிலேயே, ‘இதை நான் இத்திணையாக வாசித்தேன்’ என்று தொகுத்தவர் சொல்லியிருக்கிறார். அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். வெறும் இணைப்புகளின் பட்டியலில் மறுப்பதற்கு எதுவுமில்லை.

ஊரடங்குகள் முடிந்தன, பட்டியல் அனுப்பும் வழக்கம் நின்றபாடில்லை. ஐம்பது இணைப்புகளை ஒருசேர அனுப்புவதைவிட, ஒரே ஒரு விரிவுரையைக் கேட்டு, தமக்கு விளங்கியது எது, உடன்பாடில்லாத இடம் எது என்று நண்பருக்கு ஐந்து வரி எழுதுவது மேல் என்பேன். அவர் மறுத்து எழுதுவாராயின், கைக்கு வந்தது எந்தப் பறவை என்பதை இருவருமாகச் சேர்ந்து பார்க்கலாம்.