ஓயாவின் மீன் யாருடையது?

சம்பளப் போராட்டம் ஓயாத மலையகத்தில், லயத்துக் கூரைகள் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும் இந்நாளில், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரைப் பற்றி ஓர் ஆசிரியத் தலையங்கமா என்று வாசகர்களுட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். தூண்டிற்காரன் நிற்கும் அதே ஓடையிலிருந்துதான் தோட்டத்துக் குழாய்க்கு நீர் வருகிறது. மீன் செத்து மிதக்கும் நீரைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கும் தாய் எந்த வகுப்பைச் சேர்ந்தவள் என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. ஆகவே இது பணக்காரர் விளையாட்டைப் பற்றிய பேச்சன்று. மலையின் நீரை ஆளும் உரிமை யாருக்கு என்ற பேச்சு.

நுவரெலியாக் குளிரிலே இங்கிலாந்தின் நினைவைத் தேடிய துரைமார், தம் தாயகத்து டிரவுட் மீனையும் இங்கே குடியேற்ற விரும்பினர். 1880களில் கடல் கடந்து முட்டைகள் வந்தன. பனிக்கட்டியிற் பொதித்து, சூடு படாமல், ஒவ்வொரு முட்டையையும் கண்ணுங் கருத்துமாகக் காத்துக் கொண்டுவந்தார்கள். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. ஓடைகளில் குஞ்சு விடுவதும், யார் எங்கே எப்போது பிடிக்கலாம் என்று விதி வகுப்பதும் அதன் பணியாயின. அதே காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே கால்நடையாக வந்த எம் முன்னோர், துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக முடியாதவர்களாகக் கட்டுண்டு கிடந்தார்கள். அந்தத் துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. மீன் முட்டைக்குக் கிடைத்த பனிக்கட்டியின் பரிவு மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கசப்புடன் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

ஆனால் கசப்பு ஒன்றே கொள்கையாகிவிடாது. துரைமார் வைத்தது என்பதற்காகத் தேயிலையைப் பிடுங்கி எறிய எவரும் சொல்வதில்லை. அவர்கள் விட்ட மீனைப் பற்றியும் நிதானத்துடன் சிந்திக்க வேண்டும். முதலில் வந்த பழுப்பு டிரவுட் இங்கே தானாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட்தான் ஹோட்டன் சமவெளியின் குளிர்நீரில் நிலைகொண்டது. குளிர்நீரே அதற்கு உயிர். நீரின் வெப்பம் இருபது பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டினால் அது துன்புறத் தொடங்கும். அந்நிலையில் தூண்டிலில் அகப்பட்டதைக் கருணையோடு நீரிலே திரும்ப விட்டாலும் பல சமயம் பிழைப்பதில்லை. பிடித்து விடுவதே போதிய தருமம் என்று நினைக்கும் நவநாகரிகத் தூண்டிற்காரர் இதனை அறிந்துகொள்வது நலம். வெயில் ஏறி நீர் சூடாகும் நாட்களில் தூண்டிலைச் சுருட்டி வைப்பதே மேல்.

அதிலும் ஹோட்டன் சமவெளி தனி வழக்கு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் நீர் ஊட்டும் அந்நிலம் 1988இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைப் பிரதேசத்தில் இடம்பெற்றது. அங்குள்ள ஓடைகளில் காரிடினா சிங்களென்சிஸ் என்ற சிறு இறால் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. விரல்நீளங்கூட இல்லாத அந்த இறாலை விழுங்கி வளர்வது வெளியூரிலிருந்து வந்த டிரவுட். தூண்டிலின் இன்பத்துக்காக அந்த நீரில் மேலும் குஞ்சு விடவேண்டும் என்று கேட்பவர் எவராயினும் நாம் எதிர்ப்போம். பொழுதுபோக்குக்கு வேறு நீர் உண்டு. அந்த இறாலுக்கு வேறு நீர் இல்லை.

கீழே, அக்ர ஓயாவும் நானு ஓயாவும் தேயிலை மலைகளுக்கிடையே ஓடிக் கொத்மலை ஓயாவாகும் பகுதிக்கு வருவோம். இங்கே மீனுக்குப் பகை தூண்டில் அன்று, மண். டிரவுட் ஓடையின் கூழாங்கற்களிடையே குழி பறித்து முட்டையிடும். கற்களின் இடைவெளியில் நீர் ஓடினால்தான் முட்டைக்குப் பிராணவாயு கிடைக்கும். செங்குத்தான சரிவில் உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் பயிரிட்டு, மண்ணைத் தடுக்க வரம்பும் கல்லணையும் இன்றி விட்டுவிட்டால், ஒரு பெருமழையில் செம்மண் குழம்பாக இறங்கி அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். முட்டை மூச்சுத் திணறிச் சாகும். உள்நாட்டுச் சிறுமீனுக்கும், அது தின்னும் பூச்சிக்கும் இதே கதிதான். செடி செத்து வெறுமை விழுந்த பழைய தேயிலை மலைகளிலும் மண் இவ்வாறே கழிகிறது. 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அமைந்த நுவரெலியா வாவி மண்ணாலும் கழிவாலும் தூர்ந்து வருவதை அங்கே படகேறிச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளே பார்க்கலாம். மண்பாதுகாப்புச் சட்டம் ஒன்று 1951ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்க, மண் ஆற்றில் இருக்கிறது.

மண்ணோடு மருந்தும் வருகிறது. களைகொல்லியான கிளைபோசேற்று 2015இல் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரமும் மருந்தும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே அக்கட்டளை மீளப்பெறப்பட்டது. ஒருநாள் முழுத் தடை, மறுநாள் முழு விடுதலை என்று ஊசலாடும் இக்கொள்கையில் ஓடைக்கரையில் இத்தனை அடிக்குள் மருந்து தெளிக்கக் கூடாது, தெளிக்கும் தாங்கியை ஓடையிற் கழுவக் கூடாது என்ற எளிய ஒழுங்கைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவதற்கு ஒருவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. முதுகிலே தாங்கியைச் சுமந்து மருந்தடிக்கும் தொழிலாளியைக் குற்றஞ் சொல்லிப் பயனில்லை. கழுவுவதற்கு வேறு இடமும் வேறு நீரும் கொடுக்க வேண்டியவர்கள் தோட்டக் கம்பனிகளே.

மின்சாரமும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கிய பின் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் பழைய கோலம் போயிற்று. சிற்றோடைகள்தோறும் எழுந்த சிறு நீர்மின் நிலையங்களோ நீரைக் குழாய்க்குள் திருப்பி, இடைப்பட்ட ஓடையைக் கற்பாறையாக்கி விடுகின்றன. வறட்சி மாதங்களில் ஓடையில் விடவேண்டிய நீரின் அளவை அளப்பவர் யார் என்று நாம் கேட்கிறோம்.

இவ்விடத்தில் காவிரி தரும் படிப்பினையை வாசகர் முன் வைப்பது பொருந்தும். கர்நாடக மாநிலத்திலே பீமேஸ்வரி, கலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. மகாசீர் என்னும் பெருமீனைப் பிடித்து, எடை பார்த்து, விட்டுவிடுவது அங்கே விதி. திருட்டு மீன்பிடியில் முன்பு ஈடுபட்ட உள்ளூரார் பலர் சம்பளம் பெறும் காவலரானார்கள். ஆனால் வேறு இனத்து மகாசீர்க் குஞ்சுகளையும் நல்லெண்ணத்தோடு அந்த ஆற்றில் விட்டார்கள். 1998 முதல் 2012 வரை கலிபோரேயில் தூண்டிற்காரர் எழுதிவைத்த பிடிப்புக் கணக்கைப் பின்னர் ஆராய்ந்தபோது, விட்ட இனம் பெருகியதும் காவிரிக்கே உரிய திமில் மகாசீர் அருகியதும் வெளிப்பட்டன. அந்தக் கணக்குப் புத்தகம் இல்லாதிருந்தால் ஓர் இனம் போவதை அறிய நாதியிருந்திராது. நல்லெண்ணத்தால் விட்ட குஞ்சே கேடாக முடியும் என்பதும், தூண்டிற்காரனின் குறிப்பேடு விஞ்ஞானிக்குக் கண்ணாக அமையும் என்பதும் இங்கே விளங்குகின்றன.

எம்மவர் பக்கத்துக்கு வருவோம். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரையில் மாலை வேளையில் மூங்கிற் கம்புடன் உட்காரும் தோட்டத்து இளைஞனைத் திருடனென்றும், விலையுயர்ந்த தூண்டிலோடு வருபவரைக் கனவான் என்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அவனுக்கு அது பொழுதுபோக்கு மட்டுமன்று, இரவுக் கறியுமாகும். நன்னீர் மீன்பிடியை வளர்க்கும் பொறுப்பை அரசாங்கம் 1990இல் கைவிட்டது. 1994இல் மீண்டும் ஏற்றது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையை அமைத்தது. வயல்நாட்டுக் குளங்களுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கு மலைநாட்டு நீர்த்தேக்கத்துக்கும் கிடைக்கட்டும். அதேவேளை, வெடி போட்டும் நஞ்சு கலந்தும் பிடிப்பவர் நம்மவராயினும் அதற்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதில்லை. 1996ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் அதனைக் குற்றமென்கிறது. குடிநீரை நஞ்சாக்குவது அதனினும் பெருங் குற்றம்.

கொத்மலை ஓயாவுக்கும், களனியின் தலையூற்றுக்களான கெஹெல்கமு, மஸ்கெலி ஓயாக்களுக்கும் தனித்தனியே நீரேந்துப் பிரதேச சபை ஒன்று வேண்டும். மேற்சொன்ன அதிகார சபையும் வனசீவராசிகள் திணைக்களமும் மின்சாரத்தை நிருவகிப்போரும் தோட்டக் கம்பனிகளும் மரக்கறி விவசாயிகளும் அதில் இருக்கட்டும். தோட்டத் தொழிலாளர்களும் இருக்க வேண்டும், அதுவும் ஒரேயொரு நாற்காலியில் ஓரமாக அன்று. மீன் முட்டையிடும் மாதங்களில் ஓடையை மூடவும், தூண்டில் அனுமதிப் பணத்தை அந்தந்த ஓடைக்கரையின் மரநடுகைக்கும் காவலுக்கும் செலவிடவும், பிடித்தவை அனைத்தையும் ஏட்டில் எழுதச் செய்யவும் அச்சபைக்கு அதிகாரம் இருக்க வேண்டும். காவல் வேலையைத் தோட்டத்து இளைஞருக்கே கொடுக்க வேண்டும். உல்லாசப் பிரயாணியிடம் வாங்கும் கட்டணமும் தோட்டத்துச் சிறுவனிடம் கேட்கும் கட்டணமும் ஒன்றாயிருத்தல் ஆகாது. சிறுவனுக்கு அது இலவசமாகவே இருக்கட்டும்.

அடுத்த பருவத்துக்குக் குஞ்சு விடும் ஏற்பாடுகள் தொடங்குமுன்னரே இச்சபைகளை அமைக்கும்படி கடற்றொழில் அமைச்சை நாம் கேட்டுக்கொள்கிறோம். தோட்டத் தொழிற்சங்கங்கள் தத்தம் பிரதிநிதிகளின் பெயர்களை இப்பொழுதே தீர்மானித்து வைக்கட்டும்.