தலையில் அடிபட்டவனை "எழுந்து ஆடுடா" என்பதா?

பொங்கல் வந்துவிட்டால் செங்கல்பட்டு சுற்று வட்டாரத்திலும், கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோரக் குப்பங்களிலும் கபடி களைகட்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் விடிய விடிய ஆட்டம்!

பாடிப் போன பையனை நாலு பேர் சேர்ந்து அமுக்குகிறார்கள். தலை தரையில் 'மடார்' என்று மோதுகிறது. பையனுக்குக் கண் இருட்டுகிறது.

"ஒண்ணுமில்லேடா! மூஞ்சில தண்ணி அடி! எழுந்து ஆடுடா!" என்று கூட்டம் கத்துகிறது. அவனும் எழுந்து ஆடுகிறான்.

இங்கேதான் ஆபத்து! ரத்தம் வந்தால் எல்லோரும் பதறுவார்கள். மண்டைக்குள்ளே மூளை குலுங்கினால் யாருக்குத் தெரியும்?

2015-ல் வந்த 'கன்கஷன்' என்ற ஆங்கிலப் படம் சொல்வது இதைத்தான். வில் ஸ்மித் நடித்தது. நிஜத்தில் நடந்த கதை. அமெரிக்கக் கால்பந்தில் கொடி கட்டிப் பறந்தவர் மைக் வெப்ஸ்டர். ஆட்டத்தை விட்ட பிறகு புத்தி தடுமாறி, வண்டியிலேயே படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்தார். 2002-ல், 50 வயதில் இறந்தார். பிரேத பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலுவுக்கு, வெறும் கண்ணுக்கு மூளை நன்றாகவே தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் கேடு தெரிந்தது. வருஷக்கணக்கில் வாங்கிய அடிகளின் பலன்! இத்தனைக்கும் அந்த வீரர்கள் தலையில் ஹெல்மெட் போட்டு ஆடுகிறவர்கள்.

அமெரிக்கா வரை போவானேன்? 2022 ஆகஸ்டில் சென்னையில் நடந்த தேசிய கிக்பாக்சிங் போட்டியில் தலையில் அடிபட்ட அருணாசலப் பிரதேச வாலிபர், ஆஸ்பத்திரியில் சிகிச்சை பலனின்றி பரிதாபமாக இறந்தார்.

அதே ஆகஸ்டில்தான் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் முடிந்தது. மூளையால் ஆடும் ஆட்டத்துக்கு ராஜ உபசாரம்! மூளையையே பணயம் வைக்கும் ஆட்டத்துக்கு ஒரு டாக்டர் கூட வேண்டாமா?

"அடிக்குப் பயந்தவன் கபடி ஆடுவானா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆட வேண்டாம் என்று யார் சொன்னது? தலையில் அடிபட்டுத் தடுமாறியவனை அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்காதே என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. வாந்தி வந்தாலும், பேச்சு குழறினாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் பணம் புரட்டும் போட்டிக் குழுவினர், ஓர் ஆம்புலன்சுக்கும் ஏற்பாடு செய்யட்டும். அனுமதி தரும் அதிகாரிகளும், "டாக்டர் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

கோப்பை அடுத்த வருஷமும் வரும். பையன் வருவானா?